ஊசி டெஸ்டா, ட்ரூகட்டா?

மார்பில் கட்டி என்று காரைக்குடியில் காட்டிய என் அயித்தைக்கு முதலில் செய்தது எஃப்.என்.ஏ.சி. ‘ஊசி டெஸ்ட்’ என்போமே, அதுதான். ரத்தம் எடுக்கிற அளவு மெல்லிய ஊசி, ஐந்து நிமிட வேலை, செலவும் குறைவு. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் ‘செல்கள் போதவில்லை’ என்று வந்தது. அப்புறம் மதுரைக்குப் போய் ட்ரூகட், அதாவது சதைத்துண்டே எடுத்துப் பார்க்கும் பயாப்சி. “ஏத்தா, இதை முதல்லயே செஞ்சிருக்கலாமுல்ல?” என்றார் பஸ்ஸில்.

செய்திருக்கலாம்தான். ஆத்தங்குடித் தரைக்கல்லைச் சுரண்டிய பொடியில் சாயமும் சிமெண்டும் இருப்பது மட்டும் தெரியும். உடைந்த சில்லின் ஓரத்தைப் பார்த்தால்தான் வண்ணம் எவ்வளவு கனம், மணல் கலவை எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடும். ஊசி டெஸ்டில் வருவது பொடி, அதாவது உதிரி செல்கள். ட்ரூகட்டில் வருவது சில்லு: மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்டேப்ளர் அடிப்பது போல ‘டக்’கென்ற சத்தத்தோடு எடுக்கும், சேமியா போன்ற சதைத்துண்டு. புற்றுநோய் பால்குழாய்க்குள் அடங்கியிருக்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா என்று துண்டில்தான் பார்க்க முடியும். எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 பரிசோதனைகளுக்கும் அதுவே நம்பகம். மார்புக் கட்டிக்கு என் ஓட்டு ட்ரூகட்டுக்கே.

தைராய்டில் கதை தலைகீழ். ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்யும் ஊசி டெஸ்டில்தான் தொடங்குவார்கள். ஃபாலிக்குலர் வகை (தைராய்டின் நுண்ணறைச் செல்களில் எழும் கட்டி) என்று வந்தால் மட்டும் சிக்கல். அது புற்றுநோயா என்று தெரிய, கட்டியின் உறை உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அதற்குக் கட்டியையே எடுத்தாக வேண்டும். ட்ரூகட்டும் அங்கே தீர்த்துச் சொல்லாது.

கழுத்தில் நெறி கட்டினால்? காசநோய் என்றால் பெரும்பாலும் ஊசி டெஸ்டே காட்டிக்கொடுக்கும். கிருமிப் பரிசோதனைக்கான பங்கை ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிடக் கூடாது, கிருமி செத்துவிடும். சலைனில் (உப்பு நீர்) அனுப்ப வேண்டும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் சந்தேகம் என்றால் முழு நெறியையும் எடுத்துப் பார்ப்பதே மேல்.

“குத்தினா பரவிருமாமே?” என்று அயித்தையும் கேட்டார். விரைக் கட்டியில் டாக்டர்களே ஊசி குத்துவதில்லை, உண்மை. மார்புக் கட்டிக்கு அந்தப் பயத்தில் பயாப்சியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

துண்டு ஃபார்மலின் பாட்டிலில் விழுந்ததும் நர்ஸ் பெயரை எழுதி ஒட்டினார். அயித்தை தலையைத் தூக்கி, “இடது பக்கம்னு எழுதினியாம்மா?” என்றார். பேனா மறுபடி வெளியே வந்தது.