டால்பின்ஸ் 1972, பேட்ரியாட்ஸ் 2007: என் ஓட்டு மயாமிக்கே

அமெரிக்கன் ஃபுட்பாலை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "பழைய சீசன் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடரலாம் என்று இருக்கிறேன். எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார். 1972 மயாமி டால்பின்ஸ் என்றேன். 2007 நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்குச் சொன்ன காரணத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். லீக் சுற்றில் மயாமி 14-க்கு 14, பேட்ரியாட்ஸ் 16-க்கு 16. நாக்-அவுட்டையும் சேர்த்தால் மயாமி 17 ஆடி 17-லும் வென்றது. பேட்ரியாட்ஸ் 19 ஆடி 18-ல் வென்றது. தோற்ற அந்த ஒன்று சூப்பர் பவுல், அதாவது இறுதிப் போட்டி. நியூயார்க் ஜயன்ட்ஸ் 17, பேட்ரியாட்ஸ் 14.

ஆட்ட அழகு என்று பார்த்தால் பேட்ரியாட்ஸ் பக்கம்தான் தராசு சாயும். அவர்களின் டாம் பிரேடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் டச்டவுன் பாஸ்கள் 50 எறிந்தார், அவற்றில் 23-ஐப் பிடித்தவர் ராண்டி மாஸ். அணி மொத்தம் 589 புள்ளிகள் குவித்தது. எதிராளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை: கௌபாய்ஸ், கோல்ட்ஸ், ஸ்டீலர்ஸ், சார்ஜர்ஸ் எல்லாம் அந்த ஆண்டு நாக்-அவுட்டுக்குப் போன அணிகள். மயாமி லீக் சுற்றில் சந்தித்த அணிகளில் தோல்வியைவிட அதிக வெற்றியோடு சீசனை முடித்தவை சீஃப்ஸ், ஜயன்ட்ஸ் இரண்டு மட்டுமே, அவையும் 8-6. 'எளிதான அட்டவணை' என்று மயாமியைக் குறை சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் மயாமி என்று நான் நிற்பது ஒரே ஒரு மனிதரால். ஏர்ல் மாரல்.

ஐந்தாவது ஆட்டத்தில், சான் டியாகோ அணிக்கு எதிராக, மயாமியின் குவார்ட்டர்பேக் பாப் கிரீசிக்குக் கால் முறிந்தது. அணி தாக்கி ஆடும்போது பெரும்பாலும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக் கையில்தான். முடிவும் அங்கேதான் எடுக்கப்படுகிறது. அவர் போனால் அந்த ஆண்டே போச்சு என்றுதான் பெரும்பாலான அணிகள் ஒதுங்கிவிடும். மயாமி பெஞ்சில் 38 வயது மாரல் உட்கார்ந்திருந்தார். பால்டிமோர் கோல்ட்ஸ் வேண்டாம் என்று விட்டவரை, பயிற்சியாளர் டான் ஷூலா வெறும் 100 டாலர் கட்டணத்தில் எடுத்து வைத்திருந்தார்.

இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1968-ல் ஷூலா பயிற்சியளித்த கோல்ட்ஸுக்கு, காயம்பட்ட ஜானி யுனைடஸுக்குப் பதிலாக ஆடி, அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருதை வாங்கியவர் மாரல். ஆனால் சூப்பர் பவுலில் மூன்று பாஸ்களை எதிரணியிடம் பறிகொடுத்தார். ஜெட்ஸிடம் 16-7 என்று தோல்வி. அது நடந்த மைதானம் மயாமியின் ஆரஞ்சு பவுல். நான்கு ஆண்டு கழித்து அதே ஆரஞ்சு பவுலைச் சொந்த மைதானமாகக் கொண்ட அணியை, அதே பயிற்சியாளர் அதே மாரலின் கையில் கொடுக்கிறார்! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

17 ஆட்டங்களில் 11-ஐத் தொடங்கியவர் மாரல். அத்தனையும் வெற்றி. அவருக்காக ஷூலா புதிதாக எதையும் கட்டவில்லை. லாரி சோங்கா இடித்துக்கொண்டு ஓடினார், மெர்க்குரி மோரிஸ் விளிம்பில் பறந்தார். ஒரே அணியின் இருவர் ஒரே சீசனில் 1,000 யார்டு தொட்டது அதுவே முதல் முறை. அடுத்த ஆள் வந்தாலும் ஓடக்கூடிய வண்டியாக அந்த அணி இருந்தது.

பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியில் ஆட்டம் தேங்கியபோது, ஷூலா மாரலை உட்காரவைத்து, குணமாகி வந்த கிரீசியை இறக்கினார். 21-17 என்று மயாமி வென்றது. வாஷிங்டனை 14-7 என்று வீழ்த்திய சூப்பர் பவுலையும் கிரீசியே தொடங்கினார், அதில் அவர் எறிந்தது மொத்தமே 11 பாஸ்.

பேட்ரியாட்ஸுக்கு 2007-ல் இந்தச் சோதனை வரவே இல்லை. பிரேடி 19 ஆட்டங்களையும் தொடங்கினார். சோதனை வந்தது அடுத்த ஆண்டு: 2008-ன் முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு குவார்ட்டர்பேக்காக ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கியிராத மேட் காசல் வந்தார். 11-5 என்று கௌரவமாகத்தான் முடித்தார்கள், ஆனால் நாக்-அவுட் வாய்ப்பு கிடைக்கவில்லை. அவர்களைத் தாண்டி அந்தப் பிரிவை வென்ற அணி மயாமி.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1994-லிருந்து அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு இருக்கிறது. விருது வாங்கிய ஒருவரைப் பெஞ்சில் வைத்திருப்பது ஷூலா காலம்போல எளிதில்லை. அதோடு, 2007-ஐ நான் வாராவாரம் நேரலையில் பார்த்தவன். 1972-ஐப் பெரும்பாலும் சுருக்கப் பதிவுகளில் பார்த்தவன். சுருக்கப் பதிவில் தடுமாற்றங்கள் வெட்டப்பட்டுவிடும்; மயாமியின் முன்வரிசை எனக்குத் தெரிகிற அளவுக்கு உறுதியாக நேரில் இருந்ததா என்பதில் என் வார்த்தையை முழுசாக நம்ப வேண்டாம்.

பேட்ரியாட்ஸின் தோல்வியை மட்டும் வைத்து நான் மதிப்பெண் குறைக்கவில்லை. சூப்பர் பவுலில் ஜயன்ட்ஸின் டேவிட் டைரி ஹெல்மெட்டோடு பந்தை அழுத்திப் பிடித்த அந்த ஒரு கேட்ச் நழுவியிருந்தால் 19-0 ஆகியிருக்கலாம். அப்படி ஆகியிருந்தாலும் மாரலுக்காக மயாமியைத்தான் சொல்லியிருப்பேன், குரல் கொஞ்சம் தணிந்திருக்கும்.

நண்பரிடம் 1972 டிசம்பர் 31 பிட்ஸ்பர்க் ஆட்டத்தில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் பாதியில் மயாமியின் லாரி சைப்பிள் பந்தை உதைப்பதுபோல் நின்று, உதைக்காமல் 37 யார்டு ஓடுவார். அதன் பிறகு சோங்காவுக்கு டச்டவுன் பாஸ் எறிகிற 12-ஆம் எண் கிரீசி இல்லை, மாரல். அவரது எண் 15.