பினாங்கில் வாங்கும் விண்கல் துண்டு: எதற்கு உதவும்?

ஜார்ஜ்டவுன் கனிமக் கடையொன்றில் விற்கும் 5 கிராம் காண்ட்ரைட் (சிறு உருண்டைகள் கலந்த கல் வகை விண்கல்) துண்டு இது. வெட்டு சுத்தம், உலோகத் துகள்கள் பளிச்சென்று தெரிகின்றன. தமிழ்ப்பள்ளி அறிவியல் விழாவில் வைக்க அருமையான பொருள்.

கல்லுக்குள் சிக்கிய மந்த வாயுக்களை (நியான், கிரிப்டான், செனான் போன்றவை) ஆராய்வதற்கென்றால் யோசித்து வாங்குங்கள். இது சகாராவில் கண்டெடுத்த கல். அங்கு கிடந்தபோது ஏறிய துருவுக்குள் பூமிக் காற்றின் கிரிப்டானும் செனானும் புகுந்திருக்கும். வெற்றிடத்தில் 100 டிகிரிக்கு மேல் வாட்டினால் மேலே ஒட்டிய காற்று போகும், துருவில் சிக்கியது அவ்வளவு லேசில் போகாது. அதனால் விண்கல்லில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும் செனான்-129 (செனானின் ஓர் ஐசோடோப்பு) மங்கிவிடும். அயோடின்-129 (அரை ஆயுள் சுமார் 1.6 கோடி ஆண்டுகள்) சிதைந்து விட்டுச்சென்ற தடயம் அது. 1960இல் இயற்பியலாளர் ரெனால்ட்ஸ் ரிச்சர்ட்டன் என்ற விண்கல்லில் அதைக் கண்டபிறகுதான், சூரியக் குடும்பத்தின் தொடக்க நாள்களைக் கணக்கிட வழி பிறந்தது. எவ்வளவு அருமையான தடயம்! அதைக் காற்றுக்குப் பறிகொடுக்கலாமா? ஆனால் நியான்-21 கொண்டு, கல் விண்வெளியில் காஸ்மிக் கதிர்பட்ட காலத்தை அளப்பதற்கு இத்துண்டே போதும், நூறு மில்லிகிராம் தாராளம்.

எண்ணெயோ பிசினோ பூசியதா என்று கட்டாயம் கேளுங்கள். சூடாக்கும்போது அதிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்கள், வாயுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானியில் பொய் உச்சிகளைக் காட்டும்.

நம்மூர் ஈரப்பதத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.