குழந்தையின் கன்னத்துக் கரப்பானுக்கு வெறும் வாசலின்: வேலூர் வெயிலில் எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பது கீழே வரும். குழந்தை முகத்தில் தடிப்பு என்று போனில் ஒருமுறை தேடிவிட்டால் போதும், அப்புறம் ஒரு வாரத்துக்கு விலை கூடிய கிரீம் விளம்பரமாகவே வந்துகொண்டிருக்கும். நான் எழுதப்போவது அதைப் பற்றியெல்லாம் இல்லை. எந்த மெடிக்கலிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைப் பற்றி. செஸ்ப்ரோ என்ற அமெரிக்கர் 1872இல் வாசலின் என்று பெயர் வைத்துக் காப்புரிமை வாங்கிய அதே சரக்குதான், நம் பாட்டிமார் பனிக்காலத்தில் உதட்டுக்குத் தடவியதும் இதுதான். உள்ளே ஒரே ஒரு பொருள். மணம் கிடையாது, நிறம் கிடையாது, மூலிகைச் சாறு கிடையாது, அதனால் இதுவே ஒவ்வாமையைக் கிளப்பிவிடுவது ரொம்ப அபூர்வம். ஆனால் அதே அலமாரியில் 'பேபி' என்று போட்டு மணம் சேர்த்த ஜெல்லியும் இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பர்ஃப்யூம் என்று ஒரு வார்த்தை இருந்தாலும் வேண்டாம்.

எங்கள் பாப்பாவுக்கு மூன்றாம் மாதத்தில் இரண்டு கன்னமும் தடித்துக்கொண்டது. மூக்கும் வாயைச் சுற்றிய இடமும் சுத்தமாக இருந்தன, கன்னத்தின் மேட்டில் மட்டும் சொரசொரப்பு, தொட்டால் தோலுக்கு அடியில் ரவை பரப்பினாற்போல் இருக்கும். படங்களில் காட்டுகிற மாதிரி பளிச்சென்று சிவப்பாக இல்லை. நம் நிறத்துக் குழந்தைகளுக்குக் கொஞ்சம் கருத்தாற்போலவோ சாம்பல் பூத்தாற்போலவோதான் தெரியும், கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். தூக்கம் வந்தால் என் தோளில் முகத்தை இப்படியும் அப்படியுமாகத் தேய்ப்பாள், ரவிக்கைத் தையல் பட்ட இடத்தில் கோடு கோடாகக் கீறல் விழும்.

சத்துவாச்சாரியில் நாங்கள் காட்டும் குழந்தை டாக்டர் பார்த்த உடனே கரப்பான் என்றார். அவர் சீட்டில் எழுதிய பெயர் அட்டோபிக் டெர்மடைட்டிஸ். தோலின் மேல் அடுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்காமல் விட்டுவிடுகிறது, அந்த ஓட்டை வழியாக வெளியில் இருக்கிற சோப்பு, தூசி, எச்சில் எல்லாம் உள்ளே போய் எரிச்சலைக் கிளப்புகிறது, எரிச்சலில் குழந்தை தேய்க்கிறது, தேய்த்தால் இன்னும் ஓட்டை. பெட்ரோலியம் ஜெல்லி செய்வது அந்த ஓட்டையை மேலே மூடுவது, அவ்வளவுதான். நோயைக் குணமாக்குகிற மருந்து இல்லை. அதே மாதிரி பிறந்ததிலிருந்து பூசி வந்தால் கரப்பானே வராது என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. பிரிட்டனில் 1,394 குழந்தைகளை வைத்து அதைச் சோதித்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள், தினமும் பூசிய குழந்தைகளுக்கும் பூசாதவர்களுக்கும் கரப்பான் வருவதில் வித்தியாசம் தெரியவில்லை. வந்த பிறகு காய்ச்சலைத் தணிக்கிற மாதிரி வறட்சியைத் தணிக்கும், அதுக்கு இது நல்ல சாமான்.

பூசுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகத்தில் இன்னும் லேசாக ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் மூடுவதற்கு உள்ளே ஈரம் இருக்காதே. டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள், சுத்தமான ஸ்பூனால் கொஞ்சம் வழித்து உள்ளங்கையில் வைத்தால் உடம்புச் சூட்டிலேயே இளகிவிடும், பிறகு கன்னத்தில் தேய்க்காமல் மேலிருந்து கீழாக இழுத்துவிடுங்கள். எங்களுக்கு இன்னொரு பயன் கிடைத்தது, நான் எதிர்பார்க்காதது: பல் முளைக்கிற நேரத்தில் ஜொள்ளு வடிந்து தாடை எல்லாம் புண்ணாகிறதே, அதற்குச் சாப்பாடு ஊட்டுவதற்கு முன்னால் வாயைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோட்டிங் கொடுத்தால் எச்சிலும் தக்காளிப் புளிப்பும் தோலில் ஒட்டாமல் வழிந்துவிடுகிறது.

இனி அந்த ஒரு மார்க். கத்திரி வெயிலில் இதைக் கெட்டியாகப் பூசிவிட்டு மின்சாரமும் போய்விட்டால் குழந்தை கதி அதோகதிதான். நம்மூர் மே மாதத்தைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேர்வை வெளியே வர வழியில்லாமல் நெற்றியிலும் கழுத்து மடிப்பிலும் வேர்க்குரு பொடிப்பொடியாகக் கிளம்பிவிடும். வேர்க்குருவுக்கு இதைப் பூசவே கூடாது, அதற்குக் காற்றும் மெல்லிய பருத்திச் சட்டையும்தான் வைத்தியம். பிறந்து சில வாரத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் சின்னச் சின்னப் பரு மாதிரி வருமே, அதற்கும் வேண்டாம், அது தானாகவே போய்விடும். வெயில் நாளில் நாங்கள் ராத்திரி மட்டும் பூசினோம், பகலில் டாக்டர் சொன்ன மணமில்லாத லேசான கிரீம். அது தண்ணீர் கலந்தது, சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் திரும்பத் திரும்பப் பூச வேண்டும், செலவும் கூட.

பிசுபிசுப்பு இன்னொரு தொல்லை. தலையணை உறை, என் புடவைத் தலைப்பு, துண்டு எல்லாம் எண்ணெய்ப் பிடித்துப் போயின, தூசியும் பஞ்சு நூலும் கன்னத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, துணியில் ஊறிய ஜெல்லி நெருப்பு பட்டால் வெறும் துணியைவிட வேகமாகப் பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் முழுசாகப் போவதில்லை. நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு சாம்பிராணிச் சட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். ஜெல்லி பூசுகிற வீட்டில் அந்தப் பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். புகை குழந்தையின் மூச்சுக்கும் ஆகாது.

மெடிக்கல் ஷாப் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எல்லா ஊரிலும் இருக்கிற கதைதான். ஜெல்லி கேட்கப் போன இடத்தில் பாப்பாவின் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஜெல்லி எல்லாம் வேலைக்கு ஆகாது மேடம், இந்த டியூப் போடுங்க, ரெண்டே நாள்ல மூஞ்சி பளபளன்னு ஆயிடும்" என்று ஒரு டியூபை எடுத்து வைத்தார். அட்டையைப் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, மூன்றும் கலந்தது. இரண்டு நாளில் பளபளக்கும் என்பது பொய்யில்லை, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், தொடர்ந்து போட்டால் முகத்தோல் மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பிக்கும் என்றார். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்துவிட்டது, இருந்தும் கேட்காமலே எடுத்து நீட்டுகிறார்கள். இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே ஓடாதீர்கள். கன்னம் ரொம்ப மோசமான சமயத்தில் எங்கள் டாக்டரே ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மிதமான ஒன்றைச் சில நாளுக்கு மட்டும் எழுதித் தந்தார், அது அடங்கிய பிறகுதான் ஜெல்லிக்கே வேலை வந்தது.

சரி, அலர்ஜி. இதுதான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என் மாமியாருக்கு ஊர் வேலூர் பக்கத்து அணைக்கட்டு. "கொயந்தைக்கு மூஞ்செல்லாம் கரப்பான் வந்துகீது, நீ வாயக் கட்டாம இருந்தா எப்படிம்மா" என்று கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை, முட்டை எல்லாவற்றுக்கும் தடை போட்டுவிட்டார். கத்தரிக்காய்க்குத் தடை போட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிக்காய் இலவம்பாடியிலிருந்து கூடை கூடையாக வீட்டுக்கு வருகிறது, எனக்கு மட்டும் பூசணிக்காய்க் கூட்டு! டாக்டரிடம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மரியாதையாக, "பாட்டிம்மா, பால் கொடுக்கிற பொண்ணு நல்லா சாப்பிடணும், எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு குறிப்பா ஒண்ணு தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, அதைப் பார்த்துக்கலாம், மத்ததெல்லாம் சாப்பிடட்டும்" என்றார். நான் சொன்னால் ஏறாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் ஏறுகிறது, அது வேறு விஷயம்.

கரப்பானும் உணவு அலர்ஜியும் ஒன்றல்ல என்பதை அன்றைக்குத்தான் சரியாகப் பிரித்துச் சொன்னார். கரப்பான் நாள்கணக்கில் இருக்கும், ஏறும், இறங்கும். அலர்ஜி பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும்: கொசு கடித்தாற்போல் உடம்பில் தடிப்பு எழும்பும், உதடோ கண் இமையோ வீங்கும், வாந்தி வரும். மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, ஜெல்லியும் வேண்டாம் இந்த விமர்சனமும் வேண்டாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரசம் சாதம் ஊட்டிய பிறகு வாயைச் சுற்றி மட்டும் சிவந்து, கழுவியதும் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் புளிப்பு பட்ட எரிச்சல்தான்.

ஒரு லேபில் "அலர்ஜி பேனல்" என்று நீளமான பட்டியலோடு ரத்தப் பரிசோதனை விற்றார்கள். எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு டாக்டர் வேண்டாம் என்று சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. கரப்பான் உள்ள குழந்தைக்கு அந்தப் பரிசோதனையில் பல உணவுகள் 'பாசிட்டிவ்' என்று வரலாம், ஆனால் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு பால், முட்டை, கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் கடைசியில் எடை ஏறாத குழந்தைதான் மிஞ்சும். சந்தேகப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த ஒரு உணவுக்கு மட்டும் பரிசோதனை என்பதுதான் முறையாம்.

வேர்க்கடலைக் கதை இன்னும் சுவாரசியம். வட ஆற்காடு என்றாலே மல்லாட்டை விளைகிற சீமை, அதிலேயே குழந்தைக்கு மல்லாட்டை ஆகாது என்று ஒதுக்கிவைக்கிறோம். லண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை எடுத்து, ஒரு பாதிக்கு 4 முதல் 11 மாதத்துக்குள்ளேயே வேர்க்கடலை கொடுக்க ஆரம்பித்தார்கள், மறுபாதிக்கு ஐந்து வயது வரை கொடுக்கவில்லை. 2015இல் முடிவு வந்தபோது, சாப்பிட்டு வளர்ந்த குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி ஐந்தில் நான்கு பங்கு குறைவாக இருந்தது. ஆனால் கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் வீட்டிலேயே தொடங்க வேண்டாம். முழுக் கடலை எந்தக் குழந்தைக்கும் கூடவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நாங்கள் டாக்டர் சொன்னபடி வறுத்து மையாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தோம், பகல் நேரத்தில், ஆள் இருக்கும்போது.

மற்ற சாமான்களோடு ஒப்பிட்டுக் கேட்கிறவர்களுக்கு. தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, வெயில் காலத்தில் ஜெல்லியைவிட இதமாகவே இருக்கும், ஆனால் சீக்கிரம் போய்விடும். எங்கள் மாடியில் குடியிருந்த வங்காளக் குடும்பம் சி.எம்.சி.யில் வைத்தியத்துக்காக வந்து தங்கியவர்கள், அவர்கள் வீட்டில் குழந்தைக்குக் கடுகு எண்ணெய்தான் தேய்ப்பார்கள், பாசத்தோடு எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். கரப்பான் உள்ள தோலுக்குக் கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் ஆகாது, அந்தப் பாட்டில் மீன் பொரிக்கப் போயிற்று. கடலை மாவு, பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள் போட்டுத் தேய்ப்பது இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்குகிற வேலை. கன்னத்தில் வைக்கிற திருஷ்டி மையை நாங்கள் பாதத்துக்கு மாற்றிக்கொண்டோம், கடை மையில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அப்புறம் அதையும் விட்டுவிட்டோம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் விலை விசாரிக்க ஆரம்பித்தார். கடின நீர் உள்ள பகுதிகளில் கரப்பான் கொஞ்சம் அதிகம் என்று ஆய்வுகள் உண்டு, ஆனால் ஏற்கெனவே கரப்பான் உள்ள பிள்ளைகள் வீட்டில் அந்த மெஷினை வைத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனையில் 2011இல் பலன் ஒன்றும் தெரியவில்லை என்று காட்டினேன், அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஜெல்லி பூசியும் மஞ்சளாகப் பொருக்குத் தட்டினால், நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால், கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் மேலே பூசி மூடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் கொத்துக் கொப்புளம் உதட்டுக் காய்ச்சல் புண்ணிலிருந்தும் தொற்றலாம், அதனால் அந்தப் புண் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் குழந்தையைக் கொஞ்ச விடாதீர்கள், மாமாவாக இருந்தாலும் சரி.

வாங்குகிறவர்களுக்கு: பெரிய டப்பா லாபமாகத் தெரியும், ஆனால் திறந்து திறந்து அழுக்கு சேரும், டியூபாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். காந்தி ரோட்டில் வரிசையாக மெடிக்கல்கள் இருப்பதால் ஒரு கடையில் இல்லாவிட்டால் அடுத்த கடையில் கிடைத்துவிடும். சீமந்தத்துக்கு வந்த பேபி கிட் எதையும் முகத்துக்குப் பயன்படுத்தவில்லை. மணம் சேர்த்த லோஷன் என் குதிகாலுக்கு, பவுடர் டப்பா கொழுந்தனாரின் கேரம் போர்டுக்கு.