"வீட்டு டேப் ஒரிஜினல்" ஹார்டு டிஸ்க்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

1980களின் கிரிக்கெட் ஒளிபரப்புகளை ஹார்டு டிஸ்க்கில் போட்டு ஒருவர் விற்கிறார். எல்லாம் அந்தக் கால விஎச்எஸ் வீடியோ டேப்பிலிருந்து நேரடியாக எடுத்தவையாம். பணம் மொத்தமும் முன்கூட்டியே. வந்து சேர்வதோ இணையத்தில் சும்மா கிடக்கும் கோப்புகள். பதிவேற்றியவரின் லோகோவை மட்டும் மங்கலாக்கியிருக்கிறார்.

பட்டியலே பொய் சொல்கிறது. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் தேவ் அடித்த 175, 'முழு ஆட்டம்' என்று போட்டிருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு டிவி பதிவே கிடையாது. அனுப்பியிருப்பது வேறு ஆட்டங்களிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகள். 1986 சேப்பாக்கம் டை டெஸ்ட்டின் ஐந்து நாளும் 9 ஜிபிக்குள் அடக்கமாம்! டேப்பை டிஜிட்டலாக்கப் பயன்படும் டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) ஃபார்மட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே சுமார் 13 ஜிபி ஆகும்.

வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். நம் ஊர் டேப் என்றால் பால் (PAL) ஒளிபரப்பு முறை: 720×576, நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ்டு (ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகள் மாறி மாறி வரும் படம்). 640×480, 30 பிரேம் என்றிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எண்களை மாற்றிவிடலாம் என்பதால் படத்தையும் பாருங்கள். விஎல்சி பிளேயரில், அந்த வரிகளைச் சேர்த்துக் காட்டும் டீஇன்டர்லேஸை அணைத்து, பந்து எல்லைக்கோட்டுக்கு ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். அசல் என்றால் அசைவின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியும். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து ஆடும்; அது விசிஆரில் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) டேப்பைப் படிக்கும் ஹெட் மாறும் இடம். இரண்டுமே இல்லாமல் முகங்கள் மெழுகாக வழவழத்து, ஸ்கோர் எழுத்துகள் உருக்குலைந்திருந்தால் ஏஐ மெருகு.

இன்னொன்று, இ-180 டேப் எஸ்பி எனும் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம்தான் ஓடும். எல்பி எனும் பாதி வேகத்தில் இரட்டிப்பாகும், படம் தேயும். ஏழு மணி நேரம் எங்கும் அறுபடாமல், பளிச்சென்றும் ஓடினால் அது வீட்டு டேப் அல்ல.

உங்கள் டேப்பை டிஜிட்டலாக்கித் தருவதாகவும் சொல்வார். கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களுக்கு வந்த கோப்பில் போகப் போக வர்ணனை படத்தைவிட்டு விலகுகிறது. டேப் சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் டைம் பேஸ் கரெக்டர் கருவி இல்லாமல், மலிவான யுஎஸ்பி வீடியோ கேப்சர் குச்சியில் எடுத்ததன் விளைவு அது. பூஞ்சை பிடித்த டேப்பையும் துடைக்காமல் ஓட்டுகிறார். அந்த வெள்ளைப் பொடி ஹெட்டில் ஒட்டி அடுத்தவர் டேப்புக்கும் போகும். யாரிடம் கொடுத்தாலும் முதலில் கேசட்டின் விளிம்பில் உள்ள ரெக்கார்டு டேப் (tab) எனும் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள், மேலே பதிய முடியாது.

யாரிடம் வாங்கினாலும் நீங்கள் சொல்லும் ஓவரிலிருந்து ஒரு நிமிடத்தை, மறுபடி சுருக்காமல் கூகுள் டிரைவில் போடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தால் சுருங்கிவிடும், மேலே சொன்ன எதையும் சோதிக்க முடியாது. இவரிடம் கேட்டதற்கு வந்தது, டிவி திரையைப் போனில் பிடித்த 20 நொடி கிளிப்.