என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்ட நர்சரி

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் இட்லிப்பூச் செடி இரண்டு முறை வைத்து, இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவது மாதம் கொழுந்து இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். வாங்கிய கடையில் போய்ச் சொன்னால் ஒரு டானிக் பாட்டிலை 180 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதை ஊற்றியும் மஞ்சள் போகவில்லை.

போன ஆடியில் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருக்கும் இந்த நர்சரிக்குப் போனேன். பெயர்ப்பலகை கிடையாது, பச்சை வலை கட்டியிருப்பதுதான் அடையாளம். இட்லிப்பூ வேண்டும் என்றதும் அந்தத் தம்பி செடியை எடுக்கவில்லை. "இன்னா தண்ணிக்கா ஊத்துறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். போர் தண்ணீர் என்றேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதா என்றார். ஆமாம், விரல் நகத்தால் சுரண்டினால் உப்புப் பொடியாக உதிரும். "அதான்க்கா. இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும். உப்புத்தண்ணி ஊத்தினா மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரு எடுக்காது."

இத்தனை வருஷத்தில் எந்தக் கடையிலும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

அப்புறம்தான் செடி காட்டினார். பையைக் கவிழ்த்து வேரைக் காண்பித்தார். வெள்ளை வேர், பையைச் சுற்றி வளையமிடாமல் இருந்தது. சின்ன இலைக் குட்டை ரகம் 80 ரூபாய். பெரிய இலை நாட்டு ரகச் சிவப்பு 120. நான் நாட்டு ரகம்தான் எடுத்தேன். பள்ளியில் மனப்பாடம் செய்த வெட்சித்திணையின் வெட்சி இதுதானே, ஆநிரை கவரப் போகிறவர்கள் சூடிய பூ. அது நம் மாடியில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மண் கலவையும் அங்கேயே கலந்து கொடுத்தார்கள்: செம்மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. கட்டடம் இடித்த மண் ஒரு பிடிகூடச் சேரக்கூடாது, அதில் சுண்ணாம்பு இருக்கும் என்றார். மழைத்தண்ணீர், இல்லையென்றால் ஏசியில் சொட்டும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மஞ்சள் தட்டினால் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்ற இரும்பு உப்பை வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்துச் சாயங்காலத்தில் இலைமேல் தெளிக்க வேண்டுமாம். கார்த்திகையில் ஒருமுறை தெளித்தேன். அடுத்து வந்த கொழுந்து பச்சையாகவே வந்தது.

குறையும் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து தர மாட்டார்கள். தொட்டியோடு ஷேர் ஆட்டோவில் ஏற்ற மாட்டேன் என்றதால் தனி ஆட்டோவுக்குச் செடி விலையைவிட அதிகம் போனது. அங்கே விற்கும் பிளாஸ்டிக் தொட்டி மெல்லியது, ஒரு வெயிலுக்கே வெடித்துவிட்டது. மண்தொட்டி வேறு இடத்தில் வாங்குங்கள். ஒரு செடியின் இலையடியில் மாவுப்பூச்சி இருந்தது, மறுவாரம் கொண்டுபோனதும் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நின்று பேச நேரம் இருக்காது.

வெயில் நன்றாக விழும் மூலையில் வைத்திருக்கிறேன். கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால், வாடிய கொத்தை இரண்டு இலை சேர்த்து நறுக்கிவிடுகிறேன். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை கிளம்புகிறது. இந்தப் பங்குனியில் நேற்று எண்ணினேன், பதினோரு கொத்து. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு இரண்டு பறிப்பேன். மீதி என் பேத்திக்கு. பூவின் நடு நரம்பை மெல்ல உருவி, நுனியில் நிற்கும் ஒரு சொட்டுத் தேனை நாக்கில் வைத்துக்கொள்ள அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.