பத்துக் குற்றம்: ஏழு வருடம் சுவரில் ஒட்டி வைத்திருந்ததில்

சுவரில் ஒட்டியிருந்த நன்னூலின் பத்துக் குற்றப் பட்டியல் போன வாரம் கீழே விழுந்துவிட்டது. லேமினேஷன் ஒரு மூலையில் பிரிந்து, உள்ளே ஈரம் இறங்கி, ‘வெற்றெனத் தொடுத்தல்’ இருந்த இடத்தில் மஞ்சள் கறைதான் மிச்சம். ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் புதிதாக அச்செடுத்து, உறை போட்டு வாங்கி வந்தேன். 40 ரூபாய். திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி கேட்டார்: “அண்ணா, எழுதுனதைக் குறைக்கறதுக்கு இது நெசமாவே உதவுதுங்களா, இல்ல சும்மா அழகுக்கா?”

சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இது.

நன்னூலின் பத்துக் குற்றங்களை எல்லோரும் பள்ளியில் ஒருமுறையாவது ஒப்பித்திருப்போம். குன்றக் கூறலில், அதாவது சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்வதில் தொடங்கி, நின்று பயன் இன்மையில் முடிகிற பட்டியல். விளக்கவுரை எழுதப் போவதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூல் செய்பவர்களுக்காகச் சொன்னதை, கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனி ஒன்றில் தமிழ்க் கையேடு எழுதுகிற நான் ஏழு வருடமாகப் பயன்படுத்தியதில் என்ன ஆயிற்று என்பது மட்டும்தான் இங்கே.

என் வேலை இதுதான். இன்ஜினியர்கள் இங்கிலீஷில் கொடுப்பார்கள். பெட்டிக்குள் போடும் மடிப்புத் தாளில் எனக்கு ஒதுக்கியது நாலு பக்கம். தமிழில் எழுதினால் ஆறு வரும். எழுத்தைப் பொடியாக்கினால் கிணற்றடியில் நின்று எவரும் வாசிக்க முடியாது. ஆக, வெட்டியாக வேண்டும். சொந்த எழுத்தை வெட்டுவதற்குத் துணையாகத்தான் பட்டியலை ஒட்டினேன்.

முதலில் பாராட்டிவிடுகிறேன். மிகைபடக் கூறல் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு என் பழைய கையேடுகளில் கால்வாசியை எடுத்திருக்கிறேன். ‘மோட்டாரானது இயக்கப்படுகின்றபொழுது’ என்று எழுதுகிறவனாக இருந்தேன். இப்போது ‘மோட்டார் ஓடும்போது’. ‘வால்வினைச் சோதனை செய்து பார்த்துக்கொள்ள வேண்டியது அவசியமாகும்’ என்ற வரி ‘வால்வைச் சோதியுங்கள்’ ஆனது. ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்பதை எடுத்த இடங்களில் இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்த ‘ஆனது’, ‘ஆகும்’ இரண்டும் எங்கிருந்து என் கைக்கு வந்தன என்று யோசித்திருக்கிறேன். அரசாங்கச் சுற்றறிக்கைகளைப் படித்து வளர்ந்ததில் ஒட்டிக்கொண்டவையாக இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. முதல் பக்கத்தில் பம்பைப் பற்றிச் சிற்பம் செதுக்குவது போல எழுதியிருப்பேன். கடைசியில் பழுது நீக்கும் அட்டவணைக்கு வரும்போது மூச்சு வாங்கிவிடும், ‘மெக்கானிக்கை அழைக்கவும்’ என்று முடித்துவிடுவேன். வாடிக்கையாளர் நிஜமாகத் தேடிப் படிப்பது அந்த அட்டவணையைத்தான். என் சோம்பலுக்கு இவ்வளவு அழகான பெயர் அத்தனை காலம் முன்பே இருந்தது என்பதில் ஒரு வெட்கம் கலந்த சந்தோஷம்.

ஒரு திருட்டுத்தனத்தையும் ஒத்துக்கொள்கிறேன். சொல் எண்ணிக்கையைக் காட்டி ‘குறைத்துவிட்டேன்’ என்று நிரூபிக்கச் சொன்ன மேலாளர் ஒருவர் இருந்தார். ‘செய்து கொண்டிருக்க வேண்டும்’ என்பது மூன்று சொல். இடைவெளியை எடுத்து ‘செய்துகொண்டிருக்கவேண்டும்’ என்றால் கம்ப்யூட்டருக்கு ஒரே சொல். இப்படியே ஒரு மாலையில் நூறு சொல் குறைத்துக் காட்டினேன். தாளில் ஒரு வரிகூடக் குறையவில்லை. தமிழில் எழுதுகிறவர்கள் சொல் எண்ணிக்கையை நம்பாமல் இருப்பது நல்லது. எழுத்து எண்ணிக்கையும் அப்படித்தான்: ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து.

‘கூறியது கூறல்’ கையேட்டு வேலைக்கு ஒத்துவருவதில்லை. நன்னூல் முதலிலிருந்து வரிசையாகப் படிக்கப்படும் நூலை மனத்தில் வைத்துச் சொல்கிறது. கையேட்டை அப்படிப் படிப்பவர் யாருமில்லை. ‘மின்சாரத்தைத் துண்டித்த பிறகே திறக்கவும்’ என்பதை இரண்டாம் பக்கத்திலும் சொல்ல வேண்டும், நாலாம் பக்கத்திலும் சொல்ல வேண்டும். ஷாக் அடித்த ஆளிடம் போய் ‘முன்னமே சொன்னோமே’ என்று சூத்திரம் காட்ட முடியாது. சரி, இதைப் பட்டியலின் குறையாகச் சொல்வது நியாயமில்லை, விட்டுவிடுகிறேன்.

விட முடியாதது ஒன்று இருக்கிறது. குன்றக் கூறல்.

மூன்று வருடம் முன்பு, மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருக்கும் சிறிய மோனோபிளாக் பம்ப் ஒன்றுக்குக் கையேடு. ஆறு வரி அதிகம் வந்தது. ஒவ்வொரு குற்றமாகப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். அப்படி வெட்டியதில் ஒரு வரி: ‘முதல்முறை ஓட்டும் முன் மேல்மூடியைத் திறந்து, வழியும்வரை தண்ணீர் ஊற்றுங்கள்.’ விவசாயிக்குத் தெரியாததா, நாம் சொல்லியா அவர் தண்ணீர் ஊற்றப் போகிறார், இது மிகை என்று சிவப்பு மசியில் ஒரு கோடு. கை கூசவே இல்லை. அன்று எனக்கு என் மேலேயே பெருமை, நாலு பக்கம் கச்சிதமாக நின்றது.

அந்த பம்ப் தோட்டத்துக்குப் போனதை விட வீடுகளுக்குத்தான் அதிகம் போனது. தரைத்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு ஏற்றுவதற்கு. வாங்கியவர்கள் வயரை மாட்டினார்கள், சுவிட்சைப் போட்டார்கள், தண்ணீர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். உள்ளே காற்றுதான் இருந்தது. காற்றை வைத்துக்கொண்டு இம்பெல்லர் என்ற உள்சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. ஷாஃப்டைச் சுற்றி ஒழுகாமல் அடைத்திருக்கும் மெக்கானிக்கல் சீலுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருவதே தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் சீல் சூடேறிக் கருகிவிடும், பிறகு ஷாஃப்ட் வழியாக ஒழுகும். ஒழுகுகிற பம்ப்களோடு வந்த சர்வீஸ்காரர் என் மேஜையில் கையேட்டை விரித்து வைத்தார். “சார், தண்ணி ஊத்தச் சொல்லி இதுல எங்கியுமே போடலைங்களே?”

எங்கியுமே போடவில்லைதான். சீல்களைக் கம்பெனி செலவில் மாற்றிக் கொடுத்தார்கள். குடோனில் மிச்சமிருந்த பெட்டிகளைப் பிரித்து, ‘தண்ணீர் ஊற்றிய பின் ஓட்டவும்’ என்ற ஸ்டிக்கரை இரண்டு நாள் உட்கார்ந்து ஒட்டினேன். யாரும் ஒட்டச் சொல்லவில்லை.

என் கோபம் இதுதான். பட்டியலின் முதல் குற்றமே குன்றக் கூறல். வெட்டிய அன்றும் அது என் கண்ணுக்கு நேரே, சுவரில்தான் இருந்தது. மிகை என்றால் தாளில் கிடக்கும், விரலை வைத்துக் காட்டலாம், அடிக்கலாம். குன்றியது தாளிலேயே இல்லை. இல்லாததை எந்த இடத்தில் தேடுவது? ஒன்பது குற்றங்களுக்கு இந்தப் பட்டியல் நல்ல கண்ணாடி. முதல் குற்றத்துக்கு மட்டும் வெறும் பெயர்ப்பலகை.

ஸ்டிக்கர் ஒட்டி முடித்த வாரம் ஒரு வேகத்தில் தொல்காப்பிய மரபியலைப் புரட்டினேன். அங்கேயும் நூலின் சிதைவுகள் என்று ஒரு வரிசை வருகிறது. அது தொடங்குவது கூறியது கூறலில். குன்றக் கூறல் அங்கே மூன்றாவது. நன்னூலார் அதைத் தூக்கி முதலில் வைத்திருக்கிறார். மோனை எதுகைக்காகவும் இருக்கலாம். இரண்டு நாள் ஸ்டிக்கர் ஒட்டியவனுக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குற்றங்களுக்கு அடுத்து நன்னூலில் பத்து அழகு வரும். முதல் அழகு சுருங்கச் சொல்லல், உடனே அடுத்தது விளங்க வைத்தல். சுவரில் இடமில்லை என்று அந்தப் பத்தை நான் ஒட்டவே இல்லை.

இப்போது வேறொரு வழக்கம் வைத்திருக்கிறேன். வெட்டி முடித்த கையேட்டை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து, பம்பின் முன்னால் நிற்க வைத்து, எழுதியதை மட்டும் செய்யச் சொல்வேன். தெரிந்ததைச் செய்யக் கூடாது. சூலூர்ப் பக்கம் அவருக்குத் தோட்டம் உண்டு, அதனால் கை தானாக மூடிக்குப் போகும். “அண்ணா, எழுதியிருக்கா?” என்பேன். “இல்லீங்க தம்பி” என்று கையை எடுத்துக்கொள்வார். நான் குறித்துக்கொள்வேன். ஏழு வருடத்தில் சுவரிலிருந்த தாள் கண்டுபிடிக்காத குன்றல்களை, இவர் டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறார்.

ஆக, தம்பி, ஒட்டாதே. மனப்பாடம் இருந்தால் போதும். பட்டியலுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் கொடுப்பேன். அதுவும் சென்று தேய்ந்து இறுதலுக்காக.

இதை இவ்வளவு கடுப்போடு எழுதுவதற்கு இன்று காலை நடந்ததும் காரணம். கியூஆர் கோடுக்கு இடம் வேண்டுமாம், நாலு வரி குறைக்கச் சொல்லி டிசைனர் வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தேன். புது உறைக்குள் பத்துக் குற்றமும் பளபளவென்று இருந்தன. ‘எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தமைக்கு’ என்று தொடங்கும் நன்றியுரை சரியாக நாலு வரி. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன். மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார், நன்றி இருக்க வேண்டுமாம், தண்ணீர் ஊற்றுவதைப் படமாகப் போட்டால் போதாதா என்று கேட்டிருக்கிறார். அந்த வரியில் மட்டும் கை வைக்க மாட்டேன் என்று எழுதிவிட்டேன். நாளை பேசலாம் என்றிருக்கிறார்.