சென்சாரா, லீவரா? பொதுக் கட்டடத்துக்கு எந்தக் குழாய்?

பள்ளிக்கூடம், கிளினிக், கல்யாண மண்டபம் என்று நாலு பேர் புழங்கும் இடத்துக்குக் குழாய் வாங்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். மூட்டுவலியில் விரல் மடங்காத பாட்டியால் அதைத் திறக்க முடியுமா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

திருகு குழாய் அங்கேயே தோற்றுவிடும். விலை குறைவு, வாஷர் மாற்றுவதும் சுலபம், சரி. ஆனால் அழுக்குக் கையால் திறந்த அதே பிடியைக் கழுவிய கையால் மூட வேண்டியிருக்கிறது.

புஷ் டேப் தானாக மூடிக்கொள்வதால் தண்ணீர் வீணாகாது. பல இடங்களில் அதன் ஸ்பிரிங்தான் பிரச்சினை. குழாயை ஒரே கையால், இறுகப் பிடிக்காமல், திருகாமல் இயக்க முடிய வேண்டும், அதற்கு 22 நியூட்டனுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது என்கிறது மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதி. ஏறக்குறைய இரண்டேகால் கிலோ எடையின் அழுத்தம் அது. விறைத்த புஷ் டேப்பைக் குழந்தைகள் இரண்டு கையாலும் அமுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிறகு எந்தக் கையைக் கழுவுவது? காலால் மிதிக்கும் பெடலோ சக்கர நாற்காலியில் வருபவருக்கு உதவவே உதவாது.

தொடவே வேண்டாம் என்பதால் சென்சார் டேப்தான் சுத்தம் என்று தோன்றும். ஆனால் 2011-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. சென்சார் குழாய்களில் எடுத்த தண்ணீர் மாதிரிகளில் பாதியில், நிமோனியாவை உண்டாக்கக்கூடிய லெஜியோனெல்லா கிருமி இருந்தது; கையால் திறக்கும் குழாய்களில் 15 சதவீதத்தில்தான். உள்ளே இருக்கும் சிக்கலான வால்வுகளில் கிருமி தங்கிவிடுகிறது என்று அவர்கள் சந்தேகித்தார்கள். அப்புறம், உப்புத் தண்ணீர் வரும் ஊரில் அந்த வால்வில் உப்புப் படியும். பேட்டரியும் தீரும். பார்வையில்லாதவருக்குக் கையை எங்கே நீட்டுவது என்றே தெரியாது.

என் தேர்வு நீளக் கைப்பிடி வைத்த லீவர் டேப். கால்வாசிச் சுற்றில் திறக்கும். முழங்கையாலோ மணிக்கட்டாலோ தள்ளினால் போதும், விரல் படவே வேண்டாம்.

குடிநீருக்கு வருவோம். சங்கிலியில் கட்டிய பொது டம்ளரை அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் 1909-லேயே தடை செய்துவிட்டது. நம் ஊரில் இன்னும் சில இடங்களில் அது தொங்குகிறது. அண்ணாந்து குடிப்பதால் கவலையில்லை என்பார்கள். கை நடுங்குபவரும், விழுங்கச் சிரமப்படுபவரும் எப்படி அண்ணாந்து குடிப்பார்கள்? குனிந்து குடிக்கும் ஃபவுண்டன் வைப்பதானால் தண்ணீர் சாய்வாகப் பீறிட வேண்டும். நேராக மேலே எழும்பினால் வாயில் பட்ட நீர் திரும்பத் துவாரத்திலேயே விழும். தரையிலிருந்து துவாரத்தின் உயரமும் இரண்டு வேண்டும்: சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 36 அங்குலத்துக்கு மிகாமல், குனிய முடியாதவருக்கு 38 முதல் 43 அங்குலம் வரை. தாழ்ந்ததன் அடியில் முழங்கால் நுழைய 27 அங்குல உயரத்துக்கு இடம் விடுங்கள்.

நான் வைப்பதானால், இரண்டு உயரத்தில் லீவர் டேப், கீழே பாட்டில் நிற்கும் அளவு இடைவெளி, அவரவர் பாட்டில். குழாயடித் தரைக்குச் சரிவும் வடிகாலும் கட்டாயம். ஊன்றுகோல் ஊன்றி வருபவர் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது.